சர்வே எண் 84/3-இல் காணப்படாத வெளிச்சம்

தப்பு என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டாம். என் பெயர் அப்துல் மஜீது. குடியிருப்பு குடவாசல். தாலுகா கச்சேரி வாசலில் வாதாமரத்தடியில் ஒரு தமிழ் டைப்ரைட்டரும் முக்காலியுமாக உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் மனு அடித்திருக்கிறேன். பாதை கேட்க, பட்டா மாற்ற, ஓடிப்போன மருமகனைத் தேட, மந்திரியைப் பணிவோடு திட்ட, எல்லாவற்றுக்கும் என்னிடம் மனு உண்டு. வானத்தில் தெரிந்த வெளிச்சத்துக்கு நான் அடித்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் போன தூக்கம் இன்னும் வரவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு பழக்கம் உண்டு. மனுவின் முதல் வரியிலேயே ஆள் யார், எந்த ஊர், எந்த சர்வே எண்ணில் என்ன சாகுபடி என்று அடித்துவிடுவோம். மாமியார் கொடுமை மனுவாக இருந்தாலும் முதல் வரியில் நிலம் வந்துவிடும். கை தானாக அடிக்கும். அடுத்தது, கடைசியில் நகல் போடுவது. தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு நகல், மந்திரிக்கு நகல். நகல் கூடக் கூட மனு கொடுப்பவரின் நெஞ்சு நிமிரும். எவனும் படிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் நாடு முழுக்க நகல் போய்க்கொண்டிருக்கிறது.

அரசப்பன் என்னிடம் வந்தது எழுபத்திரண்டாம் வருஷம், கார்த்திகை கடைசியில். கீழப்படுகைக்காரர். பண்ணை தியாகராசனின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அவர் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிறார். சென்னையில் இருந்த புது ஆட்சி, குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறினால் அவரை அந்த வயலிலிருந்து யாரும் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அறுவடையோடு இறங்க வேண்டியதுதான். தியாகராசனோ, 'அரசப்பன் என் கூலியாள், குத்தகை என்ற பேச்சே கிடையாது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாற்பது வருஷம் நெல் அளந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்காத மகராசன். பதிவு விசாரணை பொங்கல் கழிந்த ஆறாம் நாள் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

ஆனால் அரசப்பன் அன்று அதற்காக வரவில்லை. முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மடையை அடைத்துக்கொண்டு நின்றாராம், வயல் முழுக்க வெளிச்சம் விழுந்ததாம். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தபின் வெளிச்சம் தெரிந்தால் யாரும் நின்று அழகு பார்க்க மாட்டார்கள். எந்தத் தெரு, எத்தனை குடிசை என்றுதான் கேட்பார்கள். அவரும் தன் குடிசைதான் எரிகிறது என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

"நெருப்பு இல்லை பாய். நெருப்புன்னா பொகை வரும், கூச்சல் வரும். இது மூணு வெளிச்சம், வரிசையா. சத்தமே இல்லாம என் தலைக்கு மேல நின்னுச்சு. தண்ணிக்குள்ள நண்டு வளை தெரிஞ்சுது பாய். ஒரு வெத்தலை மெல்லுற நேரம் நின்னுட்டு, பொசுக்குன்னு போயிடுச்சு" என்றார்.

பண்ணை ஆட்கள் ஏதாவது செய்கிறார்களோ என்று அவருக்குப் பயம். நாளைக்கு ஏதாவது ஆனால், முன்பே சொன்னோம் என்று ஒரு காகிதம் இருக்கட்டும் என்று அவர் மனைவி ராசம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். நியாயம்தான். நானும் அடித்தேன். 'கீழப்படுகை கிராமம் சர்வே எண் 84/3-இல் மூன்று மா நிலத்தைக் குத்தகை சாகுபடி செய்துவரும் அரசப்பன் பணிந்து எழுதிக்கொள்வது' என்று வழக்கம்போல ஆரம்பித்தது மனு. முடிவில் தாசில்தார், கலெக்டர், மந்திரி என்று நகல் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். விஷயம் வானத்தில் நடந்திருக்கிறதே, வானம் ராணுவத்துக்குத்தானே பாத்தியம் என்று தோன்றியது. அவர்களுக்கும் ஒன்று போட்டேன். மற்ற யாரும் படிக்கவில்லை. அவர்கள் படித்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் ஜீப் வந்தது. விண்ணொளி விசாரணைப் பிரிவு என்று அதற்குப் பெயர். மேஜர் செல்லதுரை தலைமை. கூட ஆறு சிப்பாய்கள், பூட்டுப் போட்ட எட்டு மரப்பெட்டிகள். வாய்க்கால் கரையில் சக்கரம் இறங்கி ஜீப் சாய்ந்ததில், அவர்களுடைய டைப்ரைட்டர் இருந்த பெட்டி தண்ணீருக்குள் போயிற்று. ஆகவே மனுவை அடித்தவன் என்ற முறையிலும், மெஷின் வைத்திருப்பவன் என்ற முறையிலும் என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

என் வீட்டில் நஃபீசா, சிங்கப்பூரிலிருந்து என் தம்பி யூனுஸ் அனுப்பிய டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். போன வருஷம்தான் சண்டை முடிந்திருந்தது. ஆகாயத்தில் விளக்கு, வீட்டில் வெளிநாட்டு ரேடியோ, மனு அடித்தவன் பெயர் அப்துல் மஜீது, இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் டைப்ரைட்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மேஜர் தங்கியது தியாகராசன் வீட்டில். ஊரில் நாற்காலி இருக்கும் வீடு அது ஒன்றுதான் என்பது ராணுவத்தின் கண்டுபிடிப்பு. விசாரணை அவருடைய அரிசி மில் கிடங்கில் நடந்தது. படிவத்தில் நூற்று நாற்பது கேள்விகள். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது முப்பதாவது கேள்வி. அதற்கு முன்னால், வெளிச்சத்துக்கும் சாட்சிக்கும் முன்விரோதம் உண்டா, வெளிச்சம் வருவதற்கு முன் அனுமதி கேட்டதா, சாட்சியின் குடும்பத்தில் வேறு யாரேனும் மேலே பார்த்ததுண்டா என்று இருபத்தொன்பது. அரசப்பன் எல்லாவற்றுக்கும் 'இல்லைங்க' என்றார். இத்தனை கேள்விக்கு ஒரே பதில் சொல்பவன் பயிற்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு விமானப் படங்கள் ஐம்பதைக் காட்டி எது என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றார். மறுபடி காட்டினார்கள். நான்காம் முறை காட்டும்போது பயத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டார். அது நம்முடைய விமானம். அது அன்று எங்கும் பறக்கவில்லை, பறக்கும் நிலையிலும் இல்லை என்று எழுதி முடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் மின்மினிப் பூச்சிகள் பதினான்கு பிடிபட்டன. பாட்டிலில் அடைத்து, எண் போட்டு, கிடங்கில் காவல் வைத்தார்கள். அவற்றில் மூன்று காவலில் இறந்தன. அதற்குத் தனி விசாரணை. நான்காம் நாள் அரசப்பன் வீட்டு அரிக்கேன் விளக்கை 'ஒளி மூலம், ஒன்று' என்று அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள். "வானத்துல தெரிஞ்ச வெளக்கை வுட்டுட்டு என் வெளக்கைப் புடிச்சிக்கிட்டுப் போறாங்களே பாய்" என்றாள் ராசம்மாள். நான் அவளைப் பேசாதே என்று கண் காட்டினேன். சிப்பாய் ஒருவன் அதையும் குறித்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் நான் துணிந்து மேஜரிடம் கேட்டேன். அந்த ஆளுக்குப் பதிவு விசாரணை வருகிறது, சீக்கிரம் விட்டால் புண்ணியம் என்றேன். மேஜர் கெட்டவரில்லை. என்னை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார்.

"வெளிச்சம் இருக்கறது தப்பில்ல பாய். வெளங்காம இருக்கறதுதான் தப்பு. எங்க பிரிவு இதுவரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு வெளிச்சத்தை விசாரிச்சிருக்கு. ஒண்ணுகூட மிஞ்சல. ஒண்ணு மிஞ்சினா, இத்தனை நாளா என்ன செஞ்சீங்கன்னு மேல கேப்பாங்க. ஒண்ணுமே மிஞ்சலன்னா, அப்ப இந்தப் பிரிவு எதுக்குன்னு கேக்கறாங்க. அதனால வருஷத்துக்குப் பத்து வெளிச்சமாவது வரணும், அது இல்லன்னும் ஆகணும். நீங்க அனுப்பின நகலுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தியாகராசனுக்கு மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார் மேஜர். இருவரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணோரம் நின்று முதல் வரியைப் படித்தேன். ரசத்தில் இருந்த கையைத் தியாகராசன் எடுத்தார். திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று முறை படித்தேன். வெளிச்சம் பற்றிய பகுதியை அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. குத்தகை சாகுபடி என்ற சொல், ராணுவ முத்திரை குத்திய கோப்பில் முதல் வரியாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான்.

"மேஜர் சார், அவன் அங்க நின்னான்னு யாரு சொன்னது? அவன்தானே சொல்றான். அங்க நிக்க அவனுக்கு என்ன பாத்தியதை? ஆளே அங்க இல்லன்னா வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?" என்றார் தியாகராசன்.

மேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "இத்தனை வருஷமா வெளிச்சத்தை இல்லன்னு நிரூபிச்சு நிரூபிச்சு ஓய்ஞ்சுபோறோம். ஆளை இல்லன்னு நிரூபிச்சாப் போதும்னு எங்க யாருக்கும் தோணலையே" என்றார்.

கையலம்பியதும் அரசப்பன் பெயரில் ஒரு வாக்குமூலத்தை மேஜர் சொன்னார், நான் அடித்தேன். இரண்டே வரி. 'மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் நான் இல்லை. மேற்படி நிலத்தில் எனக்கு யாதொரு வேலையும் உரிமையும் இருந்ததில்லை.' முதல் வரி மேஜருக்கு, இரண்டாவது பண்ணைக்கு. மறுநாள் சாயங்காலத்துக்குள் அரசப்பன் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், எதிரிக்கு அடையாளம் காட்டியவர் என்ற பிரிவில் மேல்விசாரணை. அது எங்கே நடக்கும், எத்தனை நாள் நடக்கும் என்பதெல்லாம் ரகசியம். அழைத்துப் போகப்படுபவருக்கே சொல்வதில்லையாம்.

அரசப்பன் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றார்.

"வெளிச்சத்தை வுட்டுடறேன் பாய். அது எனக்கு எதுக்கு. வயலையும் சேத்து வுடச் சொல்றாங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அல்லாவே, என் கை தானாக அடித்த ஒரு வரியால் இந்த மனுஷன் தெருவில் நிற்கப்போகிறானே. ராசம்மாள் மட்டும் உறுதியாக இருந்தாள். கையெழுத்துப் போட்டால் அந்த ஒரு நாள் மட்டுமல்ல, மாமனார் காலத்திலிருந்து நாற்பது வருஷமும் இல்லாமல் போய்விடும் என்றாள். போடாவிட்டால் புருஷனே இல்லாமல் போய்விடுவான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வயலுக்குப் போனோம். படிவத்தின் கடைசிக் கேள்வி அப்படி. முடிவு எதுவானாலும், விசாரணை அதிகாரி அதே இடத்தில் அதே நேரத்தில் தானே நின்று, வானம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அங்கே இல்லாத அரசப்பன்தான், தான் இல்லாமல் நின்ற இடம் எது என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டினார். சிப்பாய்கள் அங்கே முளை அடித்து, 'சாட்சி நிற்காத இடம்' என்று பலகை கட்டினார்கள். மேஜர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பயிருக்குள் இறங்கி நின்றார். தியாகராசன் ரோட்டில் குடையோடு நின்றார். ராசம்மாள் வரப்பில். ஜீப்பின் முன்மூடிமேல் என் டைப்ரைட்டர். பக்கத்தில் அரசப்பன் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம், பறக்காமல் இருக்க ஒரு கல்லுக்கடியில்.

பொழுது இறங்கியது. தவளைச் சத்தம் இருந்தது. திடீரென்று அது நின்றது.

முதலில் என் கைகள் வெளுத்தன. மெஷினில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அண்ணாந்து பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். மூன்று. வரிசையாக. அரசப்பன் சொன்னபடியே சத்தமில்லை. தென்னை உயரத்துக்கு மேல் ஒரு ஆள் உயரம் இருந்தால் அதிகம். என் வாயில் கலிமா வந்தது, பாதியில் மறந்தது. முப்பது வருஷமாக ஓதுகிற கலிமா. சிப்பாய்கள் ஆறு பேரும் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டார்கள். தியாகராசனின் குடை ரோட்டில் கிடந்தது, தியாகராசன் இல்லை. மேஜர் மட்டும் நின்றார். ஓடத் தெரியாமல் நின்றார். முழங்கால் வரை சேறு பிடித்திருந்தது.

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். பிறகு இருட்டு. தவளைகள் உடனே ஆரம்பிக்கவில்லை.

மேஜரை இருவர் இழுத்து வரப்பில் உட்கார வைத்தார்கள். பல் அடித்துக்கொண்டது. எங்களிடம் பேசுவது போலவும் இல்லை, தனக்குத்தானே பேசுவது போலவும் இல்லை. "எனக்கு முன்னாடி இருந்தவர் ஒருத்தர் பாத்துட்டாரு. பாத்தேன்னு எழுதியும் குடுத்துட்டாரு. இப்ப பனிமலையில கோவேறு கழுதைங்களுக்குப் பொறுப்பா இருக்காரு" என்றார்.

அதன் பிறகுதான் அவருக்கு விதி ஞாபகம் வந்தது. எதையும் பார்க்கவில்லை என்று சிப்பாய் சொன்னால் செல்லாது. சிப்பாய், அதிகாரி சொன்னதைத்தான் சொல்வான். அதிகாரி தனியாக நின்றிருந்தால், அவரையே படிவத்தில் சாட்சியாக எழுத வேண்டும், நூற்று நாற்பது கேள்வியும் அவரிடம் கேட்க வேண்டும். வெளியாள் ஒருவர் அதே இடத்தில் நின்று எதையும் காணவில்லை என்றால்தான் அவர் தப்ப முடியும். அந்த வெளியாளுக்கும் அந்த இடத்தில் நிற்கச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ரகசிய விசாரணையில் அத்துமீறி நுழைந்தவன் வாக்கை எப்படி எடுத்தாய் என்று மேலே கேட்பார்கள்.

மேஜர் எழுந்து வந்து கல்லை நகர்த்தி, அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு அரசப்பனிடம் போய், குரலைத் தாழ்த்தி, ஏறக்குறையக் கெஞ்சுவது போல, இப்போது ஏதாவது பார்த்தாயா என்று கேட்டார்.

அரசப்பன் வேட்டி நனைந்து, கை கூப்பியபடி நின்றார். இது என்ன புதுக் கண்ணி என்று அவருக்கு விளங்கவில்லை. பார்த்தேன் என்றால் எதிரியின் ஆள். பார்க்கவில்லை என்றால் முதல் மனு பொய். வரப்பில் நின்ற ராசம்மாளை ஒரு தரம் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க" என்றார். மேஜர் பெருமூச்சு விடுவதற்குள், அடுத்ததையும் சொன்னார். "ஆனா என் வயல்ல நின்னுதாங்க பாக்கலை. குத்தகைக்காரனா நின்னுதான் பாக்கலை."

அதற்குமேல் எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சிப்பாய் டார்ச் பிடிக்க, நான் அடித்தேன். 'கீழப்படுகை கிராமம் சர்வே எண் 84/3-இல் மூன்று மா நிலத்தைத் தன் தந்தை காலந்தொட்டுக் குத்தகை சாகுபடி செய்துவருபவரும், அந்நிலத்தில் எந்நேரமும் நிற்க உரிமை உள்ளவருமான அரசப்பன், மேற்படி வயலில் நின்றபடி, இன்றைய தேதியிலோ முந்தைய எந்தத் தேதியிலோ வானில் யாதொன்றையும் காணவில்லை.' இந்த முறை கை தானாக அடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து அடித்தேன். மேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். நகல் போடலாமா என்று கேட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள் என்றார். தாசில்தாருக்கு ஒன்று போட்டேன்.

பதிவு விசாரணையில் தாசில்தார் அந்தக் காகிதத்தை விரல் நுனியால் தொட்டார். சிங்க முத்திரை, ரகசியம் என்ற சிவப்பு எழுத்து. தியாகராசன் எழுந்து இதெல்லாம் அக்கிரமம் என்றார். நீங்கள் அன்று அங்கே இருந்தீர்களா என்று தாசில்தார் கேட்டார். இருந்தேன் என்றால், அடுத்த கேள்வி என்ன பார்த்தீர்கள் என்று வரும். தியாகராசன் உட்கார்ந்துவிட்டார். அரசப்பன் பெயர் பதிவேட்டில் ஏறியது. வெளியே வந்ததும் ராசம்மாள் வாதாமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், பார்த்தவர்கள் அவள் வழக்கில் தோற்றுவிட்டாள் என்றே நினைத்தார்கள்.

அடுத்த வாரம் என் முக்காலியைச் சுற்றிக் கூட்டம். சுற்று வட்டாரத்துக் குத்தகைக்காரர்கள் நாற்பத்தொரு பேர், தாங்களும் தத்தம் வயலில் நின்று எதையும் காணவில்லை என்று ராணுவத்துக்கு எழுதிக்கொடுக்க வந்திருந்தார்கள். எல்லாவற்றையும் அனுப்பினேன். நாற்பத்தொன்றுக்கும் முத்திரையோடு ஒப்புதல் வந்தது. அதைக் காட்டி அவர்கள் பெயரும் பதிவேட்டில் ஏறியது. ஒரே வட்டாரத்தில் இவ்வளவு பேர் ஒன்றும் காணாதது நாட்டில் இதுவே முதல் முறை என்று மேஜருக்குப் பாராட்டுக் கிடைத்ததாம். எங்கள் பகுதி வானம் முற்றிலும் விளங்கியதாக அறிவிக்கப்பட்டது. இனி இங்கே யாராவது எதையாவது பார்த்தால், நாற்பத்திரண்டு பேரின் பதிவும் பொய் என்று ஆகிவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

தை கடைசியில், பதிவேட்டின் நகலைக் கொடுக்கக் கீழப்படுகை போனேன். சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. அரசப்பன் அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் ஒருவர், அதற்கடுத்த வயலில் ஒருவர், எல்லோரும் குனிந்தே இருந்தார்கள். நான் வரப்பில் ஏறியபோது தவளைகள் நின்றன. என் சட்டை வெளுத்தது. நானும் குனிந்துகொண்டேன்.

ராசம்மாள் என் கைப்பக்கம் வந்து, என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "தெனம் வருது பாய். இன்னைக்கு ரொம்பத் தாழ நிக்குது."

அரசப்பன் நிமிரவில்லை. மண்வெட்டியால் மடையை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டார்.

"எது?" என்றார்.